ஓய்வூதியக் கோப்பும் மருத்துவக் கோப்பும்

எங்கள் துறையில் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம். அவருடைய இசைவைப் பெற்று, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம். அரசு உயர்நிலைப் பள்ளியில் 33 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர், வயது 76. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, சற்றே தளர்ந்த இதயம் ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்திருந்தவர். மருத்துவமனைக்கு வரும்போது அளவீடுகளைக் கட்டம் போட்டு எழுதிய குறிப்பேட்டுடன் வருவார்.

ஒரு முறை அவருடைய இரத்த அழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினோம். அடுத்த முறை மேலும் உயர்ந்திருந்தது. இன்னொரு மாத்திரையைச் சேர்த்தோம். உப்பைக் குறையுங்கள் என்றோம். அவர் மறுப்பேதும் சொல்லாமல் தலையசைத்துச் சென்றார். அதன்பின் ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

உயிர் பிழைத்தார். மறுநாள் காலையில், அவருடைய பையிலிருந்த மருந்துகளைச் சரிபார்த்த செவிலியர் எங்களை அழைத்துக் காட்டினார். அட்டையிலிருந்த மாத்திரைகள் ஒவ்வொன்றும் பாதியாக உடைக்கப்பட்டிருந்தன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது: கையிருப்பு 26, அரை அரையாக எடுத்தால் 52 நாள்.

ஏன் என்று கேட்டோம். மூன்று மாதங்களாக ஓய்வூதியம் வரவில்லை என்றார். ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்காக ஒரு சேவை மையத்துக்குப் போயிருக்கிறார். விரல்ரேகை பதியவில்லை. பலமுறை அழுத்திப் பார்த்தபின், "ஆயிற்று, போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் உருவாகவே இல்லை. சில மாதங்களில் ஓய்வூதியம் நின்றது. "பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்றும் தெரியவில்லை, டாக்டர்" என்றார்.

அன்று நாங்கள் வெட்கப்பட்டோம். வாங்கவே முடியாதிருந்த ஒருவருக்கு நாங்கள் மேலும் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்திருந்தோம். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்ட நாங்கள், ஓய்வூதியம் வருகிறதா என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, முதியவர் ஒருவரின் நோய் காரணமின்றிக் கட்டுமீறினால், மருந்தின் அளவைக் கூட்டுமுன் அந்தக் கேள்வியையும் கேட்கிறோம். பதில்களிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம். தமிழ்நாடு அரசின் கருவூலம் வழியாக ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரையும் மனத்தில் வைத்து எழுதுகிறோம். பிற ஓய்வூதியர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

ஆண்டுக்கு ஒரு நேர்காணல்

ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை உறுதிசெய்வதே நேர்காணல். முன்பு இது ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் எல்லோருக்கும் ஒரே காலத்தில் நடைபெற்றது. கொளுத்தும் வெயிலில் கருவூல வாசலில் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களுக்கு நாங்களே சிகிச்சை அளித்திருக்கிறோம். இப்போது அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் நேர்காணல் என்ற முறை வந்துவிட்டது. இது நல்ல மாற்றம். ஆயினும் ஒரு சிக்கலும் உண்டு. முன்பு அண்டை வீட்டு ஓய்வூதியர் புறப்படுவதைப் பார்த்து நமக்கும் நினைவு வரும். இப்போது ஒவ்வொருவருக்கும் மாதம் வேறு. நினைவூட்ட யாரும் இல்லை. ஆகவே புத்தாண்டில் நாட்காட்டி வந்ததும் உங்கள் மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மகனிடமோ மகளிடமோ அவர்களுடைய கைபேசியிலும் அதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

நேரில் போகத்தான் வேண்டும் என்பதில்லை. ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு வாழ்நாள் சான்றிதழ் முறை 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. இ-சேவை மையம் அல்லது பொதுச் சேவை மையத்தில் இதைப் பெறலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் வழியாக அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து, 70 ரூபாய் கட்டணத்தில் இதைச் செய்துகொடுக்கிறார். ஆதார் எண், பி.பி.ஓ. எண் என்று வழங்கும் ஓய்வூதியக் கொடுப்பாணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும்.

விரல்ரேகை பதியாதவர்கள் கலங்க வேண்டாம். இது உங்கள் குற்றமன்று. வயது ஏற ஏறத் தோலின் ஈரப்பசை குறைகிறது. ரேகைகளின் மேடுகள் தேய்கின்றன. கையில் நாட்பட்ட கரப்பான் உள்ளவர்களுக்கும், கேபசிடபின் என்னும் புற்றுநோய் மாத்திரையை உட்கொள்பவர்கள் சிலருக்கும் ரேகை அறவே பதியாமல் போவதுண்டு. கையைக் கழுவித் துடைத்து, சிறிது களிம்பு தடவி, சில நிமிடம் கழித்து வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் பயனளிக்காவிட்டால், கைபேசியின் கேமரா வழியாக முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் முறை 2021 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும் இது பெரிதும் உதவும்.

எந்த வழியில் செய்தாலும் ஒன்றை மறவாதீர்கள். சான்றிதழ் உருவானதும் உங்கள் கைபேசிக்கு பிரமாண் எண்ணுடன் குறுஞ்செய்தி வரும். அந்த எண் வந்தால்தான் வேலை முடிந்தது. "ஆயிற்று" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்பியதால்தான் எங்கள் ஆசிரியைக்கு ஓய்வூதியம் நின்றது. எண் வந்த பிறகும், கொடுப்பாணை எண் தவறாகப் பதிந்திருந்தால் சான்றிதழ் நிராகரிக்கப்படலாம். ஆகவே சில நாள் கழித்துக் கருவூலத்தில் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நேர்காணல் மாதத்தில் நீங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், எங்களிடம் சொல்லுங்கள். அஞ்சல் ஊழியர் வார்டுக்கு வர ஏற்பாடு செய்ய முடியும். தவறிப்போயிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சான்றிதழ் சேர்ந்ததும் நின்ற ஓய்வூதியம் நிலுவையுடன் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் மருந்தை நிறுத்திவிடாதிருப்பதே முக்கியம்.

காப்பீட்டு அட்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கியது. திட்டம் நான்காண்டுத் தொகுதிகளாக நடைபெறுகிறது. 2022 ஜூலை 1 அன்று தொடங்கிய தொகுதியில் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 497 ரூபாய் பிடிக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கும் அறுவைகளுக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும் உதவி வரையறுக்கப்பட்டது. கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் என்று தனி வரம்பு உண்டு.

இந்த 5 லட்சத்தை ஆண்டுதோறும் கிடைக்கும் தொகை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது நான்காண்டுகளுக்கும் சேர்த்த மொத்தத் தொகை. அதுவும் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. முதல் ஆண்டிலேயே ஒருவருடைய இதய அறுவைக்கு அதில் பெரும்பகுதி செலவானால், மற்றவருக்கு எஞ்சுவது சொற்பமே. ஆகவே திட்டமிட்டுச் செய்யக்கூடிய சிகிச்சைக்கு வருமுன், இருப்பு எவ்வளவு என்று காப்பீட்டு மேசையில் கேட்டறியுங்கள். மூட்டு மாற்று அறுவையை எப்போது செய்வது என்று முடிவு செய்வதற்கு அந்த விவரம் எங்களுக்கும் தேவை. பணி புரிந்த காலத்தில் பிள்ளைகளுக்கும் இருந்த பாதுகாப்பு ஓய்வூதியர் திட்டத்தில் அதே வடிவில் தொடர்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, இத்திட்டம் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், பட்டியலில் அடங்கிய சிகிச்சைகளுக்கானது. மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, புறநோயாளிப் பிரிவின் கட்டணம், வழக்கமான இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை இதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. ஓய்வூதியத்துடன் வரும் மருத்துவப்படியும் மாதம் 300 ரூபாய்தான். நாட்பட்ட நோயுள்ள ஒருவரின் மருந்துச் செலவு பெரும்பாலும் அவருடைய ஓய்வூதியத்திலிருந்தே போகிறது என்பதுதான் உண்மை நிலை. எங்கள் ஆசிரியையின் கையில் காப்பீட்டு அட்டை இருந்தும் மாத்திரை பாதியானது இதனால்தான்.

தொகுதி மாறும்போது அட்டை, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனைப் பட்டியல் ஆகியவையும் மாறக்கூடும். பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பலர், அது காலாவதியானதை அவசரப் பிரிவில்தான் அறிகிறார்கள். துணைவரின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் மூன்றும் அட்டையில் சரியாக உள்ளனவா என்று உடல் நலமாக இருக்கும் காலத்திலேயே பாருங்கள்.

மருத்துவமனையில் சேரும் நாளில்

சேர்க்கை நேரத்திலேயே நீங்கள் ஓய்வூதியர் என்பதையும் காப்பீட்டு அட்டை இருப்பதையும் சொல்லிவிடுங்கள். பாதிச் சிகிச்சை முடிந்தபின் அட்டையைக் காட்டினால் சிக்கல் வரும். கட்டணமில்லா சிகிச்சைக்கு முன் அனுமதி தேவை. நோய் விவரம், பரிசோதனை முடிவுகள், உத்தேசச் செலவு ஆகியவற்றை நாங்கள் அனுப்புகிறோம். காப்பீட்டுத் தரப்பினர் அவற்றைப் பார்த்து அனுமதி தருகிறார்கள், அல்லது மேலும் விவரம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பது மறுப்பு ஆகாது. "எப்போது தொடங்கியது? முன்பு என்ன சிகிச்சை?" என்பவைதாம் பெரும்பாலும் வரும் கேள்விகள். உங்கள் பழைய சீட்டுகள் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் பதில் அனுப்பிவிடலாம். இல்லையெனில் ஒரு நாள் வீணாகும்.

அனுமதி எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகைக்கு வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில் அடங்காத எதற்கேனும் பணம் கேட்கப்பட்டால், ஏன் என்று கேட்கவும், எழுத்தில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் மருத்துவமனையிலும் இதே விதிதான். தொகைக்கு ரசீது இல்லாமல் எங்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரின் எழுத்துகள், வயது, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, நோயின் பெயர் ஆகிய ஐந்தையும் பாருங்கள். தேர்வுத்தாளில் ஓர் எழுத்துப் பிழையைக்கூட விடாத கண்கள் உங்களுடையவை. அதே கண்களால் எங்கள் தாளையும் திருத்துங்கள். ஓர் எழுத்து மாறிய பெயரால் மாதக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போனால்

நெஞ்சுவலி வந்தால் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மிக அருகில் உள்ள, சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனைக்குப் போங்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் நிமிடங்கள் கடக்கக் கடக்க இதயத் தசையும் மூளையும் அழிகின்றன. கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சிகிச்சை பெற நேர்ந்தால், செலவை மீளப்பெற விண்ணப்பிக்க வழி உண்டு. கருவூலம் வழியாக விண்ணப்பம் சென்று, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதைப் பரிசீலிக்கிறது. இதற்கு அசல் ரசீதுகள், சிகிச்சைச் சுருக்கம், பரிசோதனை முடிவுகள், அவசர நிலையை விளக்கும் மருத்துவரின் சான்று ஆகியவை தேவை. அசலை ஒப்படைக்குமுன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். ஒப்படைத்ததற்கு ஒப்புகை பெறுங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலர் சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, ஆவணங்கள் அதற்குச் சான்று பகர்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். மருத்துவமனையின் பெயர் அரசின் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு மத்திய அரசின் சுகாதாரத் திட்டத்தைப் பற்றியது என்றாலும், மேல்முறையீடு செய்யும் ஓய்வூதியர்கள் அதை எடுத்துக்காட்டுவதுண்டு. அதற்கும் ஆவணங்களே ஆதாரம்.

மாத மருந்துச் செலவைக் குறைக்கும் வழிகள்

மருந்துச் செலவு தாங்க முடியாததாக இருந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். இதைச் சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. நீங்கள் சொன்னால் நாங்கள் செய்யக்கூடியவை பல உண்டு. அதே மூலக்கூறு வேறு பெயரில் குறைந்த விலையில் மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் கிடைக்கலாம். பெயருக்குப் பதிலாக மூலக்கூறை எழுதித் தருகிறோம். ஐந்து ஆண்டுக்கு முன் யாரோ தொடங்கி இப்போது தேவையற்றுப்போன மாத்திரைகள் இருந்தால் நீக்குகிறோம். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பல நேரங்களில் பத்து மாத்திரையில் இரண்டு மூன்றைக் குறைக்க முடிகிறது.

இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான அடிப்படை மருந்துகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். "நான் ஓய்வூதியர், அது ஏழைகளுக்கானது" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனால் எங்களைக் கேளாமல் மாத்திரையை உடைக்காதீர்கள். மெல்லக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும்படி அமைந்த மாத்திரைகளை உடைத்தால், மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்து, பிறகு ஒன்றும் இல்லாமல் போய்விடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகள் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி மீளும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வது பக்கவாதத்துக்கு வாசலைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

துணைவரிடம் சொல்லிவைக்க வேண்டியவை

பல வீடுகளில் ஓய்வூதியக் காரியங்கள் முழுவதும் ஒருவரிடமே இருக்கின்றன. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் கிடக்கும்போது, கொடுப்பாணைப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் மனைவியோ கணவனோ தவிப்பதைக் காண்கிறோம்.

ஓய்வூதியர் மறைந்தால், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் துணைவருக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு, அதனுடன் அகவிலைப்படி. முழுப் பணிக்காலம் முடித்தவர் பெறும் ஓய்வூதியம் பாதி ஊதிய அளவினது. வருமானம் குறையும், துணைவரின் மருந்துச் செலவோ அப்படியே இருக்கும். இதை இருவரும் சேர்ந்து முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மறைவைக் கருவூலத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதன்பின் கணக்கில் வந்து சேரும் தொகை திரும்பப் பிடிக்கப்படும். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதித் திட்டத்தில் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்கப்படுகிறது. துயரத்தில் மூழ்கிய குடும்பங்கள் பலவும் இதைக் கேட்கவே மறந்துவிடுகின்றன.

மாற்றுத்திறனாளியான மகனோ மகளோ இருந்தால், அவர்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை உண்டு. அதற்கான மருத்துவச் சான்றைப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே பெற்று, ஓய்வூதிய ஆவணங்களில் பெயரைப் பதிந்துவையுங்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு, தனக்காகப் பேச இயலாத ஒருவர் தன் உரிமையை நிறுவுவது மிகக் கடினம்.

இன்னொன்று: 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் உண்டு, 85, 90, 95 என வயது ஏற ஏற அது 30, 40, 50 விழுக்காடாக உயரும், 100 வயதில் ஓய்வூதியமே இரு மடங்காகும். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்பணமாகத் தொகுத்துப் பெற்றவர்களுக்கு, 15 ஆண்டு நிறைந்ததும் அந்தப் பகுதி மீளவும் சேர வேண்டும். ஆவணத்தில் பிறந்த தேதி சரியாக இருந்தால்தான் இவை உரிய நாளில் வரும். வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

நினைவு தடுமாறும்போது

கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. மறதி நோயின் முதல் அறிகுறி பல நேரங்களில் பணக் காரியங்களில்தான் தென்படுகிறது. ஒரே கட்டணத்தை இரண்டு முறை செலுத்துவது, வங்கிப் புத்தகத்தை ஒளித்துவைத்துவிட்டுத் தேடுவது, வாழ்நாள் முழுதும் கணக்கில் தேர்ந்தவர் சில்லறையில் திணறுவது போன்றவற்றைக் கண்டால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம்.

கையெழுத்திட முடியாதவர்களுக்கும் வங்கியில் பணம் எடுக்க வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, கைப்பெருவிரல் அல்லது கால்பெருவிரல் ரேகையை, வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பதியலாம். சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். பக்கவாதத்தால் கை முடங்கியவர்களின் குடும்பங்கள் இதை அறியாமல், நோயாளியை ஆம்புலன்சில் வங்கி வாசலுக்குக் கொண்டுபோகின்றன. முதலில் கிளை மேலாளரிடம் பேசுங்கள். 70 வயது கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தரவேண்டும் என்று 2017 முதல் அறிவுறுத்தல் உண்டு.

"உங்கள் வாழ்நாள் சான்றிதழைப் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது கேட்டால், அழைப்பைத் துண்டியுங்கள். கருவூலமோ வங்கியோ அப்படிக் கேட்பதில்லை. பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. பணத்தை இழந்த முதியவர்கள் அவமானத்தால் அதை வெளியே சொல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு எங்களிடம் வருகிறார்கள். ஏமாற்றியவர் வெட்கப்பட வேண்டிய காரியத்துக்கு ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டாம்.

இரண்டு கோப்புகள் ஒரே பையில்

வீட்டில் ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கோப்புகள் இருக்கட்டும். ஓய்வூதியக் கோப்பில் கொடுப்பாணையின் நகல், ஆதார், பான் அட்டை நகல்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், கடைசி பிரமாண் எண், காப்பீட்டு அட்டை, கருவூலத்தின் தொலைபேசி எண் ஆகியவை. மருத்துவக் கோப்பில் இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம், சிகிச்சைச் சுருக்கங்கள், கடைசி இரத்தப் பரிசோதனை, இதய வரைபடம் ஆகியவை. அசல்கள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அலமாரியின் சாவி எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அவசரத்தில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும்.

ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்பதைச் சிலர் சலுகை கேட்பதாக எண்ணிக் கூசுகிறார்கள். 1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு தன் விருப்பப்படி வழங்கும் கருணைக்கொடை ஆகாது. ஆற்றிய பணியின் வழி வந்த உரிமை என்று தெளிவுபடுத்தியது. அந்த நாளையே ஓய்வூதியர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பல்லாண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த பிறகு, ஒரு சாளரத்தின் முன் நின்று கேள்வி கேட்பது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். உடன் வரப் பிள்ளைகளையோ, உங்கள் பழைய மாணவர்களையோ, ஓய்வூதியர் சங்கத்தினரையோ அழையுங்கள்.

எங்கள் ஆசிரியையின் நேர்காணல் வார்டிலேயே, அஞ்சல் ஊழியரின் கைபேசியில் முகத்தைக் காட்டி முடிந்தது. நின்ற ஓய்வூதியம் நிலுவையுடன் வந்தது. அவருடைய மருந்துகளில் இரண்டை நீக்கி, மற்றவற்றை விலை குறைந்தவையாக மாற்றினோம். இப்போது மறுபரிசோதனைக்கு வரும்போது அவருடைய குறிப்பேட்டில் கட்டங்களுடன் ஒரு புதிய பத்தி சேர்ந்திருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை; நான்காவதாக, ஓய்வூதியம் வந்த தேதி. நாங்களும் நான்கையும் பார்த்துத்தான் கையெழுத்திடுகிறோம்.